எட்டு கறவை மிஷின், மூணு மாசம்

கறவை மிஷின் விக்கறதுல கஷ்டமான வேலை மிஷினைப் பத்திப் பேசறதில்லீங்க, பேசறதுக்கு முன்னால அந்த ஊட்டுக் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தறதுதான். வாசல் வாசலா ஏறி எறங்கி எதையாச்சும் விக்கறவங்களுக்கு இதை நாஞ் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்சூரன்ஸோ மசாலாப் பொடியோ தண்ணி பில்டரோ, எதுவா இருந்தாலும் கேட்டுக்கு முன்னால நிக்கறப்ப நம்ம எல்லாருக்கும் திரும்பிப் போயிரலாமான்னுதான் தோணும்.

நான் கேரளா பார்டர்ல, பாலக்காட்டுக்குக் கெழக்கால கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து எனக்கு மாடுதான் பொழப்பு. ரெண்டு மாடு வெச்சிருந்தேன், காத்தாலயும் மத்தியானமும் கறந்து பால் சொசைட்டிக்கு ஊத்துவேன். ஊட்டுக்காரர் தேங்காய் லோடு வண்டி ஓட்டறாரு. அவரு ஊட்டுல இருக்கற நேரமே கம்மி. அப்பத்தான் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரங்க கறவை மிஷின் விக்க எங்க பக்கத்துல ஆள் தேடறாங்கன்னு சொசைட்டியில சொன்னாங்க. மாடு தெரிஞ்ச பொம்பளையா வேணுமாம், மாசச் சம்பளமாம். ஆனா மாடு கறக்கற நேரத்துலதான் மிஷினை ஓட்டிக் காட்ட முடியும். அந்த நேரத்துல நான் அடுத்தவங்க கட்டுத்தரையில நின்னா என் மாட்டை யாரு கறக்கறது? ரெண்டையும் வித்துட்டுத்தான் வேலைக்குச் சேந்தேன்.

சேந்த அன்னிக்கே ஏரியா மேனேஜர் சொல்லிட்டாரு. மூணு மாசத்துல எட்டு மிஷின் போகோணும், இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. ஆனி ஒண்ணாந் தேதி சேந்தேன், ஆவணி கடைசி கெடு. மாடும் இல்லாம வேலையும் இல்லாம ஊட்டுல உக்காந்திருக்கப் போறேன்னு அன்னிக்குப் புடிச்ச வெசனம், மூணு மாசமும் என்னை விடலை.

மொதக் கேள்வி

கோயமுத்தூர்ல மூணு நாள் ட்ரெயினிங் குடுத்து, கையில ஒரு தாளைக் குடுத்தாங்க. ஊட்டுக்குள்ள போனா என்னென்ன கேக்கோணும்னு அதுல வரிசையாப் போட்டிருந்துது. மொதக் கேள்வியே, எத்தனை மாடு இருக்குது, ஒவ்வொண்ணும் எத்தனை லிட்டர் கறக்கும்னுதான். படிச்சதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. எங்க பக்கத்துல பாலு எத்தனைன்னு வெளியாளுகிட்ட யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. எவளாச்சும் என் கட்டுத்தரைக்கு வந்து இப்படிக் கேட்டிருந்தா, அவ தலை மறைஞ்சதும் உப்பும் மொளகாயும் மாட்டுக்குச் சுத்தி அடுப்புல போட்டிருப்பேன். இத்தனையும் தெரிஞ்சவதான் நானு. ஆனா தாளுல இருக்குதே, கேக்கலீன்னா தப்பாயிருமோன்னு ஒரு பயம்.

எருத்தேம்பதியில மொத ஊடு. அந்தம்மா வாங்கன்னு கூப்பிட்டு மோரு குடுத்தாங்க. நான் தாளைப் பாத்து அப்படியே கேட்டேன். அவங்க மூஞ்சி சுண்டிப்போச்சு. "ஏதோ கறக்குதுங்க"ன்னாங்க. அதோடயாச்சும் நான் விட்டிருக்கலாம். மாட்டோட மடியைப் பாத்துக்கிட்டே "பத்து லிட்டர் இருக்குங்களா?"ன்னு வேற கேட்டுத் தொலைச்சேன். மறுநாள் காத்தால அவங்ககிட்ட இருந்து போன். மாடு தவுடு தொடலியாம், பாலு பாதிக்குப் பாதி கொறைஞ்சு போச்சாம். நான் என்னங்க பண்ணுனேன்னு கேட்டேன். அவங்க சத்தம் போட்டிருந்தாலும் பரவால்லை, பொறுமையாச் சொன்னாங்க:

"உங்களாலதான்னு நாஞ் சொல்லலீங்க. ஆனா நேத்து கட்டுத்தரைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க."

ராங் நம்பர்

அதுக்கப்பறம் பத்து நாளைக்கு நான் எந்த ஊட்டுக்குள்ளயும் போகலை. நேராப் போறதுக்குப் பயமா இருந்தா போன்லயாச்சும் பேசுங்க, ஒரு நாளைக்குப் பத்துப் பேரு கணக்குன்னு மேனேஜர் சொன்னாரு. சொசைட்டி செக்ரட்டரி ஒரு நம்பர் லிஸ்ட் குடுத்தாரு. மேனோன்பாறை பஸ் வெயிட்டிங் ஷெட்டுல உக்காந்து, பேச வேண்டியதை மூணு தடவை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு நம்பரை அமுக்குவேன். மணி அடிக்க அடிக்க, சாமி, இவங்க எடுக்கக் கூடாதுன்னு வேண்டிக்குவேன். சுவிட்ச் ஆஃப்னு வந்துட்டா அப்படி ஒரு நிம்மதி. லிஸ்ட்டுல ஒரு டிக் போட்டுக்குவேன்.

ஒரு நாள் ஒருத்தரு மொத மணியிலயே எடுத்துட்டாரு. கனத்த கொரலு. "ஆராணு?"ன்னாரு. மலையாளத்துல நான் கடையில சாமான் வாங்குவேன், பஞ்சாயத்து ஆபீஸ்ல அபேட்சைன்னு மனு எழுதிக் குடுப்பேன். ஆனா மிஷின் விக்கற மலையாளம் எங்கிட்ட இல்லையே. வாய்க்குள்ள சொல்லிப் பாத்தது அத்தனையும் மறந்துபோச்சு. "சாரிங்க, ராங் நம்பருங்க"ன்னு சொல்லி நானே வெச்சுட்டேன். மிஷின் மாட்டிக் குடுக்கற ஃபிட்டர் சாமிநாதன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். என்னை விட வயசுல சின்னவன், வாய் மட்டும் பெருசு. டீயைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தான்.

"ஏனுங்க அக்கா, நீங்களே கூப்பிட்டுட்டு நீங்களே ராங் நம்பருன்னா, அந்த மனுசன் இப்ப யாருகிட்டப் போயிக் கேப்பாரு?"

மாட்டைத் தொடறவங்க

ஆனி முடியப் போகுது, ஒரு மிஷின்கூடப் போகலை. நல்லேபிள்ளியில ஒரு தோட்டத்துக்காரர் மட்டும் வரச் சொன்னாரு. ஆறு மாடு. மூணு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வராண்டாவுல சேர் போட்டு உக்கார வெச்சு, மோட்டார் எத்தனை எச்.பி., கரண்டு எத்தனை யூனிட்டு ஆகும், ரப்பரு எத்தனை மாசம் வரும்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நானும் தாளைப் பாத்துப் பாத்துச் சொல்லுவேன். எல்லாம் கேட்டுட்டு, பாக்கலாமுங்கன்னு அனுப்பிருவாரு. ஸ்கூட்டரை எடுக்கறப்ப எனக்கு அழுகையே வந்துரும். அந்தப் 'பாக்கலாமுங்க' இருக்குதே, அதை வெச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கவும் முடியாது, விட்டுட்டு வேற ஊட்டைப் பாக்கவும் மனசு வராது.

நாலாவது தடவை போனப்ப அவரு பாலக்காட்டுக்குப் போயிட்டாரு. திரும்பிரலாம்னு பாத்தேன். அவரு சம்சாரம் கட்டுத்தரையில கறந்துட்டு இருந்தாங்க. சும்மா போயி நின்னேன். மணிக்கட்டுல துணி சுத்தியிருந்தாங்க. கை நோவுதுங்களான்னு கேட்டேன். தாளுல இல்லாத கேள்வி நான் கேட்டது அதுதான் மொதத் தடவை. நானும் ரெண்டு மாடு கறந்தவதான், எனக்கும் அதே எடத்துல நோவும்னு கையைக் காட்டுனேன். அவங்க ஒரே ஒரு சந்தேகம் கேட்டாங்க, கறந்து முடிச்சா அந்தக் கப்பு, ட்யூப்பெல்லாம் யாரு கழுவறது, எவ்வளவு நேரம் ஆகும்னு. வண்டியில வெச்சிருந்த சாம்பிள் கப்பு, ட்யூப்பை எடுத்துட்டு வந்து, பக்கெட்டுல சுடுதண்ணி வாங்கிக் கழுவியே காமிச்சேன். பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல அவரே போன் பண்ணி, மிஷினை அனுப்புங்கன்னாரு. மிஷினை மாட்டற அன்னிக்கு அந்தம்மா என்கிட்டத் தனியாச் சொன்னாங்க:

"மூணு தடவையும் அவருகிட்டயே பேசிட்டுப் போனீங்க. அவரு மாட்டைத் தொட்டுப் பதினஞ்சு வருசம் ஆச்சுங்க."

ஆடியில வாங்குன மிஷின்

ரெண்டாவது மிஷின் ஆடி மொத வாரத்துல ஒழலப்பதிக்குப் போச்சு. ஆடித் தள்ளுபடி இருக்குதுன்னு சொல்லி வித்தது. அதே ஊர்ல இன்னும் மூணு ஊட்டுக்காரங்க, இவங்க ஊட்டுல எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்னாங்க. வித்த ஊட்டுப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கலை. போனா எதாச்சும் குத்தம் சொல்லுவாங்களோன்னு பயம். சத்தம் வராத வரைக்கும் நல்லதுன்னு இருந்துட்டேன்.

பத்துப் பன்னெண்டு நாள் போச்சு. அந்த மூணு ஊட்டுலயும் போன் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. ஒழலப்பதி டீக்கடையில, அந்த மிஷின் ஓடவே இல்லையாமேன்னு பேசிக்கறாங்கன்னு சாமிநாதன் வந்து சொன்னான். நீதானடா மாட்டுனதுன்னு கேட்டேன். வெச்சுட்டுப் போங்க, அப்பறமாக் கூப்பிடறோம்னு சொன்னாங்கக்கா, இன்னும் கூப்பிடலைன்னான். இனி அவங்க கூப்பிடற வரைக்கும் இருந்தா என் வேலை போயிரும்னு, யாருகிட்டயும் சொல்லாம நேராப் போயிட்டேன். உள்ள போனா, மிஷின் சாமி ரூம்ல இருக்குது. சந்தனம், குங்குமம் வெச்சு ஒரு செம்பருத்திப் பூவும் சொருகியிருக்குது. மோட்டாரு மேல கவர்கூடப் பிரிக்கலை. வெளியே அந்தம்மா கையிலதான் கறந்துட்டு இருக்காங்க. ரிப்பேருங்களான்னு கேட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. ஆடியில வாங்குனாத் தள்ளுபடின்னீங்க, வாங்கிட்டோம். ஆடியில போயி யாராச்சும் புதுசா ஆரம்பிப்பாங்களாங்க?"

வளைவுல இருக்கற ஊடு

அன்னிக்கே அந்த மூணு ஊட்டுக்கும் நடந்து போனேன். மிஷினுக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆடிங்க, அவ்வளவுதான்னு சொன்னேன். மூணு பேருமே, அதானே, நாங்களும் ஆவணியிலதான் ஆரம்பிப்போம்னு தலையாட்டுனாங்க. ஆவணி பொறந்ததும் மூணும் போச்சு. ஓணத்துக்குப் பாலு கேக்கறவங்க ஜாஸ்தி, அந்த வேகத்துல இன்னும் ரெண்டு போச்சு. ஆக ஏழு. அதோட நின்னு போச்சு. கடைசி வாரம் முழுக்க அலைஞ்சும் எட்டாவது கெடைக்கலை.

இப்ப ஒரு விசயத்தை ஒத்துக்கோணும். எங்க ஊர்ல இருந்து மேனோன்பாறைக்குப் போற ரோட்டு வளைவுல ஒரு பெரிய ஊடு இருக்குது. பத்து மாடு கட்டியிருக்கறது ரோட்டுல இருந்தே தெரியும். மூணு மாசமா தெனமும் ரெண்டு தடவை அந்த ஊட்டைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். ஒரு நாள்கூட நிக்கலை. இரும்புக் கேட்டு, ரெண்டு நாயி, வாசல்ல காரு. இவங்களுக்கு வேணும்னா கோயமுத்தூருக்கே போயி வாங்கிக்குவாங்க, நம்மளை மதிக்க மாட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். நாயைப் பாத்தா ஒரு நாள் சாக்கு, ராகு காலம்னு ஒரு நாள் சாக்கு.

ஆவணி கடைசி நாள் அந்தக் கேட்டைத் தட்டுனேன். வேற வழி இல்லை. நாயி ரெண்டும் மோந்து பாத்துட்டுப் போயிப் படுத்துக்கிச்சு. என் வயசுப் பொம்பளை ஒருத்தங்க, கையில தவுட்டோட கட்டுத்தரையில இருந்து வந்தாங்க. நான் யாருன்னு சொல்றதுக்கு முன்னாலயே, தெரியுமுங்க, உள்ள வாங்கன்னாங்க. கட்டுத்தரைக்கே கூட்டிட்டுப் போனாங்க. அங்க செவுத்துல புத்தம் புதுசா ஒரு கறவை மிஷின் தொங்குது. எங்க கம்பெனிது இல்லை. கையில எடுத்த தாளை மடிச்சுத் திரும்பப் பையில வெச்சேன். அவங்களுக்கே ஒரு மாதிரியா ஆயிருச்சு போல, மெதுவாச் சொன்னாங்க:

"வண்டியில மிஷின் படத்தை ஒட்டிக்கிட்டு நீங்க தெனமும் போறதைப் பாத்துட்டேதான் இருந்தேனுங்க. நம்ம ஊட்டுக்கெல்லாம் வர மாட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு, போன வாரம் வந்தவங்ககிட்ட வாங்கிட்டமுங்க."

நானாப் பண்ணுன போன்

அந்த வளைவுலயே ஸ்கூட்டரை நிறுத்திட்டு நின்னேன். பொழுதோட மேனேஜர் கூப்பிடுவாரு, ஏழுதானான்னு கேப்பாரு, சரிங்கம்மான்னு வெச்சுருவாரு, அதோட என் கதை முடிஞ்சுது. அந்தப் போனுக்காக ஊட்டுல போயி உக்காந்திருக்க எனக்கு மனசு வரலை. நானே அவரு நம்பரை அமுக்குனேன்.

தாளு இல்லாமப் பேசுனேன். ஏழுதானுங்க சார். எட்டாவது நான் நிக்காமப் போனதுனால போச்சு, மிஷின் மேல தப்பில்லை, மாட்டுக்காரங்க மேலயும் தப்பில்லை. நல்லேபிள்ளி அக்காவோட தங்கச்சி ஊட்டுல ஏழு மாடு, வேலந்தாவளத்துல ரெண்டு ஊடு, வடகரப்பதியில ஒண்ணு, இவங்க யாருகிட்டயும் இன்னும் நான் போகலை, நாளைக்குக் காத்தாலயே போறேன், எனக்கு ஒரு மாசம் குடுங்கன்னேன். போன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தடவை காதுல இருந்து எடுத்து எடுத்துப் பாத்தேன். அப்பறம் அவரு பேசுனாரு:

"மூணு மாசத்துல நீங்களா எனக்குப் போன் பண்ணுனது இன்னிக்குத்தானுங்கம்மா. இதே மாதிரி மாட்டுக்காரங்களுக்கும் பண்ணியிருந்தீங்கன்னா இந்தப் போனுக்கே வேலை இருந்திருக்காது. சரி, ஒரே ஒரு மாசம்."

அந்த ஒரு மாசத்துல மூணு மிஷின் போயி வேலையும் நெலைச்சுருச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட மிஷின் வேண்டாம்னு சொன்ன ஊட்டை விட, அவங்களுக்குப் பதிலா நானே வேண்டாம்னு சொல்லிக்கிட்டுத் தாண்டிப் போன ஊடுதானுங்க ஜாஸ்தி.