பாய் நிறைய ஓட்டை

கப்பலூரில் வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் சோலையைக் கண்டு ஊரே பயந்தது. சோலையோ அந்தத் துப்பாக்கியைக் கண்டு பயந்தார். பாவம், காவல்காரர் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

தொண்ணூற்றேழில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பயம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி. கல்லுப்பட்டிப் பக்கம் சொந்த ஊரின் வறண்ட கண்மாயில் பழைய கோரைப்பாய்களைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார். அங்கே பிடித்தது வினை. அந்தத் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இல்லை. அவ்வளவும் ஈய ரவை. கிட்டே நின்று சுட்டால் பாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே பொத்தல். தள்ளிப் போய்ச் சுட்டால் பாய் முழுக்கச் சிதறல். அது வலது குழல். இடது குழலின் வாய் சற்றுக் குறுகல், சோக் என்பார்கள். அதிலிருந்து போன ரவை, அதே தூரத்திலும் பெரும்பாலும் பாயின் நடுவிலேயே கூடி விழுந்தது. விசையும் இரண்டு: முன் விசையை இழுத்தால் வலது குழல் வெடிக்கும், பின் விசைக்கு இடது.

சிதறல் விழுந்த பாயை எறிய அவர் மனைவி ராமக்காளுக்கு மனம் வரவில்லை.

"இம்புட்டு நல்ல பாயச் சல்லடையாக்கிட்டீகளே!" என்று வைதுவிட்டு, மத்தியானம் அதிலேயே படுத்துத் தூங்கிப்போனாள். அவள் கழுத்தருகே, தோளருகே, விலாவருகே ஓட்டைகள். சோலைக்கு அவளையே சுட்டுவிட்டது போல இருந்தது. அவளை உலுக்கி எழுப்பிப் பாயைச் சுருட்டினார். சுட வேண்டி வந்தால் பின் விசைதான், அதுவும் கிட்டே போய்த்தான் என்று அன்றே மனதில் முடிந்துவைத்தார்.

இரண்டு வருடம் கழித்து அந்த நாள் வந்தே விட்டது. ஜீப்பிலிருந்து பணப்பையோடு இறங்கிய காசாளர் கிரிதரனை ஒருவன் பின்னாலிருந்து வளைத்து, கழுத்தில் அரிவாளை வைத்து, பையையும் பிடுங்கிக்கொண்டான். சோலை நின்றது வங்கிப் படியில். நடுவே வெறும் முற்றம்.

"சுடுய்யா சோலை!" என்று உள்ளேயிருந்து மேனேஜர் கத்தினார்.

சோலையின் கண்ணுக்குக் கிரிதரன் தெரியவில்லை, பாய்தான் தெரிந்தது. துப்பாக்கியை நீட்டியபடி நடந்தார்.

"கிட்ட வந்தா அறுத்துருவேன்!" என்றான் அவன்.

சோலை நிற்கவில்லை. சுற்றி வந்து, குழல் வாய் அவன் விலாவில் முட்டும் வரைக்கும் போனார். சாவுக்குத் துணிந்த ஆள் என்று நினைத்தானோ என்னவோ, அரிவாளையும் பையையும் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான்.

கிரிதரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, அருவாளவிட உங்களுக்குத்தான் பயந்தேன். அங்கிருந்தே சுட்டுருவீங்களோன்னு..."

"அதுக்குத்தானப்பா பக்கத்துல வந்தேன். வெரலக்கூடப் பின் விசையிலதான் வச்சிருக்கேன், பாரு" என்று குனிந்து காட்டினார் சோலை.

விரல், சிதறடிக்கும் வலது குழலின் முன் விசையில் இருந்தது. எடுக்கப் பார்த்தார், அது வரவில்லை.