எனக்குச் சொல்லிக்கொடுக்காத அடி

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரு காலத்தில் குந்தாவ் தெரியும் என்று நான் சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். சீனர்களின் சண்டை வித்தைக்கு எங்கள் பக்கத்தில் வழங்கிய பெயர் குந்தாவ். மலாயாவில் சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பா, களை பிடுங்கிய அம்மா, எட்டு வயதில் நான், நாலு வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு தம்பி. இந்தப் படையைப் பார்த்து எந்த எதிரியும் ஓடியிருக்கமாட்டான். நாங்களும் சண்டைக்காகக் கற்கவில்லை. அப்பாவின் கால்களுக்காகக் கற்றோம்.

அது ஜப்பான்காரன் காலம். அரிசியைக் கண்ணால் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானமும் அதே, பொழுது சாய்ந்தால் அதன் இலை. அப்பாவின் கால்கள் மெல்ல வீங்கத் தொடங்கின. கெண்டைக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழும், எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கும். எனக்கு அது நல்ல விளையாட்டாகப் போயிற்று. அமுக்கிவிட்டு, குழி நிரம்புவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று பார்ப்பேன். முப்பதைத் தாண்டிய நாளும் உண்டு. அப்பா காலை நீட்டிக்கொண்டு பொறுமையாகக் காட்டுவார், அம்மா பார்த்துவிட்டால் என் கையில் ஒன்று வைப்பாள். அதே வீக்கத்தில் எங்கள் லயத்து வீடுகளிலேயே இரண்டு பேர் செத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய வீக்கமும் என் விளையாட்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கால்களைச் சரியாக்கியவள் சீன அக்கா. தோட்டத்து எல்லையில் காய்கறி போட்டுப் பிழைத்தவள், அம்மாவின் வயதுதான் இருக்கும். ஜப்பான்காரன் வந்த புதிதில் அவள் புருஷனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. மறுவாரமும் லாரி வந்தபோது அம்மா அவளை எங்கள் வீட்டுக்குள் இழுத்து, தன் சேலையைச் சுற்றி, முகமெல்லாம் மஞ்சளும் திருநீறும் அப்பி, கம்பளியைப் போர்த்தி மூலையில் போட்டுவிட்டாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. எட்டிப் பார்த்த சிப்பாயிடம் அம்மா தன் கன்னத்தில் விரலால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினாள். அம்மை என்று புரிந்ததும் அவன் வந்த வழியே நடந்தான். மூன்று நாள் அவள் எங்கள் வீட்டில் அம்மை கண்டவளாகப் படுத்திருந்தாள். என் அம்மாவுக்கு அவ்வளவு நடிப்பு வரும் என்பது அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்ததாம்.

அப்பாவின் காலைப் பார்த்த சீன அக்கா, கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கோழி தின்பதை நான் தின்பதா என்று அப்பா ரோஷப்பட்டார். அம்மா அதை வறுத்து, கிழங்கு மாவோடு பிசைந்து, அடை என்று பெயர் வைத்துப் போட்டாள். ரோஷம் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. வீக்கம் வடிய வடியத்தான் தெரிந்தது, உள்ளே காலே இல்லை, குச்சிதான் இருந்தது. நாலு அடி வைத்தால் முழங்கால் மடங்கியது. அதற்கு மருந்து தவிடு இல்லை, நிற்பதுதான் என்றாள் சீன அக்கா. அவளுடைய அப்பா சின்ன வயதிலேயே அவளுக்குக் குந்தாவ் கற்றுக்கொடுத்திருந்தாராம். அதில் முதல் பாடமே ஆறு மாதம் அசையாமல் நிற்பதாம்.

ஒரு பெண்பிள்ளை சொல்லித்தர நாம் நிற்பதா என்று அப்பா மறுபடி பின்வாங்கினார். அதற்குச் சீன அக்கா கண்டுபிடித்த வழி, வீட்டில் எல்லோரும் நிற்பது. அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் போய் நின்றாள். பெண்டாட்டி நிற்கும்போது வரப்பில் உட்கார்ந்திருக்க அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. இப்படித்தான் எங்கள் குடும்பம் குந்தாவ் படிக்கப் போனது.

பொழுது சாயும் நேரத்தில், மரவள்ளிச் செடிகள் ஆள் உயரத்துக்கு மறைத்த இடத்தில் பாடம் நடக்கும். கண்ணில் படாத குதிரையின்மேல் உட்கார்ந்ததுபோலக் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்கவேண்டும். சீன அக்கா பயற்றங்கொடிக்கு ஊன்றும் குச்சியோடு சுற்றி வருவாள். எவர் கால் நடுங்குகிறதோ அந்தக் கெண்டைக்காலில் குச்சி தொடும். அவளுக்குத் தமிழ் வராது, எங்களுக்குச் சீனம் வராது, சந்தை மலாய்தான். "ஜாங்ஙான் ஜாத்தோ" என்பாள். விழாதே என்று அர்த்தம். பாடம் முழுக்க அந்த இரண்டே வார்த்தைதான். தம்பி அதைப் பாட்டாகவே பாடுவான்.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது கட்டளை. சீனப் பெண்ணிடம் சண்டை படிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஜப்பான்காரன் எல்லோரையும் காட்டில் ஒளிந்து அவனை எதிர்க்கும் ஆட்கள் என்று முடிவுகட்டிவிடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பது, நிற்பதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசிவரை யார் நிற்பது என்று எங்களுக்குள் போட்டி. தினமும் நானே ஜெயித்தேன். அப்பா கையைக் காலை உதறிக்கொண்டு, "ஐயோ, என் ஆத்தா ஜெயிச்சிட்டா" என்று மல்லாந்து விழுவார். நாங்கள் அவர் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். அந்தக் காலத்தில் அம்மா சிரித்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாலைந்து மாதத்தில் அப்பாவின் தொடை மறுபடி கெட்டியாகிவிட்டது. தம்பியை ஒரு தொடையிலும் என்னை ஒரு தொடையிலும் உட்காரவைத்து, அசையாமல் நிற்பார். கெண்டைக்காலில் எவ்வளவு அமுக்கினாலும் குழி விழவில்லை. விளையாட்டு போயிற்றே என்று எனக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டங்களுக்கு லாரி வருகிறது என்ற பேச்சு எழுந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்களாம். அரிசிச் சோறு போடுவார்களாம், மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவார்களாம். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து இல்லையென்று சொல்லாததால், பிள்ளைகள் நாங்கள் அதை நம்பினோம். பெரியவர்கள் நம்பவில்லை. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் எங்கள் கிராணி பயந்த மனுஷர், ஆனால் ஈரமுள்ளவர். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா அப்பாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். எடுத்துப் பார்த்தாள். இடம் மாற்றி மறுபடி அமுக்கினாள். என்னை அடித்து விலக்கிய விளையாட்டை இப்போது அம்மாவே ஆடுகிறாளே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "அதான் குழி விழாதே, சரியாயிடுச்சேம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாள் பாடத்துக்கு எங்களைச் சேர்க்கவில்லை. ஓடைக்கரையில் கங்கோங் கீரை பறித்து வா என்று என்னையும் தம்பியையும் அனுப்பிவிட்டு, பெரியவர்கள் மூன்று பேரும் செடி மறைவுக்குப் போனார்கள். ஓடைவரை சத்தம் கேட்டது. தொப்பென்று ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. எனக்கு வயிறு எரிந்தது. தினமும் ஜெயிக்கிறவள் நான், என்னை விட்டுவிட்டு இவர்களுக்கு மட்டும் ஏதோ பெரிய அடி சொல்லிக்கொடுக்கிறாள் என்று சீன அக்காமேல் கோபம். ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிற அடியாக இருக்கும் என்றேன் தம்பியிடம். அவன் நம்பினான், அவனைப் பார்த்து நானும் நம்பினேன். கீரையோடு திரும்பியபோது அப்பாவின் முதுகெல்லாம் மண். அம்மா அவர் தலைமுடியிலிருந்தும் முதுகிலிருந்தும் காய்ந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன அடி என்று கேட்டேன். கீரையை உள்ளே கொண்டுபோய் வை என்றாள் அம்மா. அன்று நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பெரட்டுத் திடலில், ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்தில், இரண்டு லாரிகள் நின்றன. ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் சாக்கடைக்கு இந்தப் பக்கம். ஒரு சிப்பாய் ஒவ்வொருவராக நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். விழுந்தவர்களை ஓரமாக மரத்தடிக்கு விரட்டினார்கள், விழாமல் நின்றவர்கள் லாரியில் ஏறினார்கள். எனக்கு ஆட்டம் உடனே புரிந்துவிட்டது. ஜெயித்தவனுக்கு லாரி, தோற்றவனுக்கு மரத்தடி. எங்கள் தோட்டத்தில் என் அப்பாவைத் தோற்கடிக்க யார் இருக்கிறார்கள்? தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புது அடியை இப்போது பார்க்கப் போகிறோம் என்று கிசுகிசுத்தேன்.

சிப்பாய் அப்பாவின் முன்னால் வந்தான், தள்ளினான். அப்பாவின் முழங்கால்கள் மடங்கின. உடம்பு பக்கவாட்டில் சரிந்தது. வீட்டில் விழுவதுபோலக் கையைக் காலை உதறவில்லை, சிரிப்புக் காட்டவில்லை. நிஜமாகவே விழப் போகிறார் என்று நான் பதறிப்போனேன். என் அப்பா எல்லோருக்கும் முன்னால் தோற்பதா?

"ஜாங்ஙான் ஜாத்தோ, ப்பா!" என்று கத்தினேன்.

அம்மாவின் கை என் வாயை மூடியது, ஆனால் வார்த்தை போய்விட்டிருந்தது. அப்பாவின் வலது கால் தானாக அகன்று மண்ணில் ஊன்றியது. சரிந்த உடம்பு நின்றது. சிப்பாய் ஆச்சரியப்பட்டு இன்னொரு தடவை, இந்தமுறை பலத்தோடு தள்ளினான். அப்பா அசையவில்லை. சிப்பாய் சிரித்து, அவர் தோளில் தட்டி, லாரியைக் காட்டினான்.

ஏறுவதற்கு முன் அப்பா திரும்பி எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். நான் கைதட்டினேன். தம்பியும் தட்டினான். லாரி குலுக்கிக்கொண்டு கிளம்பியபோது மேலே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், அப்பா மட்டும் காலை அகட்டி நேராக நின்றார். செம்மண் புழுதி மறைக்கும்வரை அப்படித்தான் தெரிந்தார். அன்று முழுக்க அதைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஏழெட்டுப் பேரில் அப்பா இல்லை. வந்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, அங்கே போன ஒரு வருஷத்தில் அப்பாவின் கால்கள் மறுபடி வீங்கிவிட்டன என்று சொன்னார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை வைக்க அம்மாவோடு சீன அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். அவள் அதே வரப்பில்தான் இருந்தாள், தலை மட்டும் நரைத்திருந்தது. பயறு பறித்து அம்மாவின் பையில் போட்டுக்கொண்டே என்னைக் கேலி செய்தாள். நானும் விளையாட்டாக, பத்து வருஷத்துக்கு மேலாக மனதில் வைத்திருந்த குறையைக் கேட்டுவிட்டேன். எங்களை ஓடைக்கு அனுப்பிவிட்டு அப்பாவுக்கு மட்டும் ஒரு அடி சொல்லிக்கொடுத்தீர்களே, அதை இப்போதாவது எனக்குக் காட்டக்கூடாதா?

சீன அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை என்பது சீன அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். கூடையைக் கீழே வைத்தாள். என் முன்னால் வந்து, என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, தள்ளு என்றாள். நான் மெல்லத் தள்ளினேன்.

அவள் விழுந்தாள். முதலில் முழங்கால் மடங்கியது, பிறகு இடுப்பு, கையை ஊன்றாமல் தோள் மண்ணில் பட்டது. தொப்பென்று அந்தச் சத்தம். கண்கள் செருகி, வாய் பிளந்து, எழுந்து நிற்க வலுவில்லாத நோயாளியாக அவள் செடிகளுக்கு நடுவில் கிடந்தாள். எந்தச் சிப்பாயும் நம்பியிருப்பான்.

அம்மாதான் பையை வைத்துவிட்டு வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். முதுகில் ஒட்டிய சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அன்னிக்கு லாரி எஞ்சின் சத்தம் அவ்ளோ இருந்திச்சும்மா. நீ கத்துனது அவருக்குக் கேட்டிருக்காது."

ஆமாம் என்றேன். லாரிகள் அப்போது எஞ்சினை அணைத்து நின்றன என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஏறுவதற்கு முன் அப்பா திரும்பிப் பார்த்ததும் சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருந்தது. கூட்டத்தில் அவர் தேடியது என்னைத்தான். கலங்கிய கண்ணோடு அவர் சிரித்ததை, ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துத்தான் அன்று நான் கைதட்டினேன். அம்மா இருந்தவரை அதை அவளிடம் சொல்லவில்லை.