முக்கோணச் சாவி

பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் தட்டச்சு, மாலையில் சாப்பாட்டு மேசையில் கொலை. அவள் பிழைப்பு வருடக்கணக்கில் இப்படித்தான் ஓடியது. அவள் எழுதும் எதிர்கால நாவல்களில் அரசாங்கம் மூச்சுக் காற்றைக்கூட அளந்து விற்கும். ஆனால் ஆள் சாகும் விதத்தில் மட்டும் ஓட்டை இருக்கக்கூடாது என்பாள். அதற்காக உடன் வசித்த தம்பியின் வாயைக் கிளறிக்கொண்டே இருப்பாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேறு மாடியில் நின்றாலும் வெளிக்கதவை மெக்கானிக்குகள் வைத்திருக்கும் முக்கோணச் சாவியால் திறந்துவிடலாம் என்று அவன் சொன்னதுதான் கடைசி நாவலின் கொலை.

புத்தகம் வந்து கொஞ்ச நாளில், பக்கத்துத் தெரு அடுக்குமாடியில் ஒரு பல் டாக்டர் திறந்திருந்த கதவுக்குள் காலை வைத்தார். உள்ளே லிஃப்ட் இல்லை. விழுந்து செத்தார்.

ஞாயிறு மதியம் இன்ஸ்பெக்டர் அவள் புத்தகத்தோடு வந்தார். நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. கதை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். சமையலறையில் தம்பி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. வீடியோ பார்த்து எழுதியதாகச் சொன்னாள். கதையில் எத்தனையோ பேரைப் பொய் பேச வைத்தவளுக்கு இந்த ஒரு பொய்யை நம்பும்படி சொல்லத் தெரியவில்லை.

தம்பி ஈரக் கையோடு வந்து நின்றான்.

"நான்தான் சார் சொன்னேன். அந்த பில்டிங்ல வேலை பார்த்த அன்னைக்கு என் சாவியும் காணாம போச்சு. ஆபீஸ்ல சொன்னா வேலை போயிடுமேன்னு வாயைத் திறக்கல."

இது அவளுக்கே புதுச் செய்தி. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். அவன் அதைக் கவனித்துவிட்டான்.

அவனை அழைத்துப் போனார்கள். மறுநாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம், டாக்டரின் மருமகன் வீட்டில் பழைய ஷூவுக்குள் சாவி கிடைத்தது. வீட்டுத் தகராறாம். அந்த மருமகன் தன் புத்தகத்தைப் படித்தானா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். தம்பி வேலை செய்ததை நின்று பார்த்துத் தெரிந்துகொண்டானாம். புத்தகத்தைத் தொட்டதே இல்லையாம்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்: "என்னையாக்கா நினைச்ச?"

"ஒரு நிமிஷம் நினைச்சேண்டா."

தெருமுனை வரை அவன் முன்னால் நடந்தான். பிறகு, "இல்லன்னு சொல்லாம இருந்தியே, அதுவே போதும்" என்றான்.

பயந்தபடியே அவன் வேலை போனது. இப்போது ஒரு மாலில் எஸ்கலேட்டர் ரிப்பேர் பார்க்கிறான். அவள் அடுத்த நாவலையும் முடித்துவிட்டாள். எப்படிச் செத்தார்கள் என்பது அதில் ஓரிடத்திலும் இல்லை. பதிப்பாளர் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.