பத்தாவது ஆளின் காய்ச்சல்

எலியாஸ் தெப்பெர் கோதுமைக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் லாரிகளை எடைபோட்டவர். சொந்த மச்சினனே கெஞ்சியும் ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்லை. அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான், தொற்றுநோய்க்காக மூடியிருந்த எங்கள் யூத ஜெபக்கூடத்தை மறுபடி திறந்தபோது காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்து அவரை வாசலில் உட்கார வைத்தோம்.

கதவில் ஒட்டியிருந்த விதிகளை எழுதியவள் அவருடைய மனைவி சுலேமா. பள்ளிக்கூட நர்ஸாக இருந்தவள், தயவுதாட்சண்யம் பார்க்கமாட்டாள். முகக்கவசம் மூக்குக்கு மேலே இருக்க வேண்டும். எவ்வளவு குளிரினாலும் ஜன்னலை மூடக்கூடாது. முப்பத்தேழரைக்கு மேல் காட்டினால் வந்த வழியே வீட்டுக்கு. கூடம் என்றைக்காவது திறக்கும் என்று, அது மூடிக்கிடந்தபோதே எழுதி வைத்தாள். அந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாள்.

கல்லறைக்கு நான்கு பேருக்குமேல் போகக்கூடாது என்றிருந்த நேரம் அது. இறந்தவருக்கான கதீஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். எலியாஸ் கதீஷ் சொல்லாமலே மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார். தலைநகரத்திலிருக்கும் எங்கள் மதகுரு, ரபி, போன் திரையில் பத்து முகம் தெரிந்தால் போதும் என்று சொல்லிப்பார்த்தார். லாரியைப் போட்டோ பிடித்து எடைபோட முடியுமா என்று எலியாஸ் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கூடம் திறக்கும்வரை ஒரு வருடம் காத்திருந்தார். அவரையும் சேர்த்து ஊரில் மிஞ்சிய ஆண்கள் சரியாகப் பத்து. சுலேமாவின் முதல் நினைவுநாளுக்கு ஒவ்வொரு வீடாகப் போய் அழைத்தார். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் அன்று காலை ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சேற்றுப்பாதையில் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு மௌரிசியோ கிரிமான் வந்து இறங்கினார். எலியாஸின் பள்ளித்தோழர். கருவியை நெற்றியில் காட்டினால் முப்பத்தேழு ஒன்பது.

"வண்டியில ஹீட்டர் ரொம்ப வச்சுட்டேன்டா. சுலேமாவுக்காக வந்திருக்கேன், என்னைய திருப்பி அனுப்புவியா?" என்றார் மௌரிசியோ. சொல்லும்போதே பல் தந்தியடித்தது.

உள்ளேயிருந்து கூடத்தின் தலைவர் நிட்டோ, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார்.

"முப்பத்தாறு நாலு," என்றார் எலியாஸ்.

வாழ்நாளில் அவர் பொய்யாகச் சொன்ன ஒரே அளவு அதுதான். மௌரிசியோ நடுங்குவதைப் பார்த்து அவரே ஜன்னலையும் சாத்தினார். பிறகு எழுந்து நின்று கதீஷ் சொன்னார். மௌரிசியோ கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டு உரக்க ஆமென் சொன்னார். எலியாஸ் அதைப் பார்த்தார். அந்த ஆமெனுக்காகத்தானே ஒரு வருடம் காத்திருந்தார்! தடுக்க மனம் வரவில்லை. அன்று அவர் சந்தோஷமாக இருந்தார், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஐந்து வாரத்தில் மூன்று பேர் போனார்கள். முதலில் மௌரிசியோ, பிறகு மரக்கடை ஹெர்மன், கடைசியில் நிட்டோ. எலியாஸுக்கு வாசனை அறியும் சக்தி மட்டும் போனது. நாங்கள் டீ மாதிரி ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலையும் வைக்கோலும் அவருக்கு இன்றைக்கும் ஒன்றுதான். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நடந்தது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

நிட்டோ இறந்த முப்பதாம் நாள் அவருடைய மனைவி டோரா கூடத்துக்கு வந்தாள். வாசலில் எலியாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இங்க அவ்வளவு கண்டிப்பா இருந்ததாலதான் மத்தவங்களாவது பொழைச்சாங்க. கடைசிவரைக்கும் அவரு அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அவருக்கு நீங்க கதீஷ் சொல்ல ஏற்பாடு பண்ணணும்."

 எலியாஸ் கருவியை எடுத்து அவள் நெற்றியில் காட்டினார். சுலேமாவின் எழுத்து அவர் தோளுக்குப் பின்னால் கதவில் இருந்தது.

உள்ளே போய் ஆண்களை எண்ணினார். நேராக எண்ணினால் கண்படும் என்று எங்கள் வழக்கப்படி, ஒன்று இல்லை, இரண்டு இல்லை என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராகக் கடந்தார். கடைசியில் தன் மார்பைத் தொட்டு, ஏழு இல்லை என்றார். டோரா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் யாரெல்லாம் வரணும்?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா," என்றார் எலியாஸ்.