வில்கமுவைக்கு எத்தனை மணித்தியாலம்?

மாத்தளையில் ஒரு மாலை வாப்பா மௌத்தானார். தம்பி பம்பாயில் இருந்தான். விமானத்தில் நான்கு மணித்தியாலம், கொழும்பிலிருந்து காரில் நான்கு என்று கணக்குப் போட்டு, உடனே தந்தியடித்தேன். அவனுக்காக மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைவரை வாப்பாவின் ஜனாஸாவை அடக்காமல் வைத்திருந்தோம். வில்கமுவையில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சிக்குக் காலை பஸ்ஸில்தான் ஆள் அனுப்பினேன். பக்கம்தானே!

தம்பி நடுப்பகல் லுஹருக்கே வந்துவிட்டான். அஸரானபோதும் தங்கச்சியைக் காணவில்லை. "இதுக்கு மேல மையித்த வெச்சிருக்கக் கூடாது, தூக்குங்க" என்றவன் நான்தான். போன பஸ் அங்கேயே தங்கி மறுநாள்தான் திரும்பும் என்பது எனக்குத் தெரியாது.

அந்த பஸ்ஸில் வந்து இறங்கிய தங்கச்சி அழவில்லை. அண்ணனான என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பம்பாய்க்கு எத்தன மணித்தியாலம்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, நானா. என் ஊட்டுக்கு எத்தனன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். அந்த பஸ்ஸில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை.