பூவத்தைத் தாண்டாத கார்

அம்பகரத்தூர் தையல்நாயகி கட்டின புருஷன் செந்தில்குமாரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீர்காழியில் வாழ்க்கைப்பட்ட மகள் இனியாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர ஒரு கார். ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் அடுக்கி, பெண்ணைக் கையோடு கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான்.

காரைக்காலில் இரண்டு கார்களைப் பார்த்தார்கள். ஒன்று ஷோரூமில் நின்ற புது மாடல். தையல்நாயகி பின்சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சிக்குத் தோதா இருக்குங்க" என்றாள். மற்றது கபீர் ஒர்க்‌ஷாப்பில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாக இறக்கி, சைலன்சரை மாற்றி, தெருவே அலறும்படி செய்திருந்தார்கள்.

கபீர் எதையும் மறைக்கவில்லை. "அண்ணே, மாத்துனது எதுவும் ஆர்சி புக்குல ஏறல. எல்லையில பூவத்தத் தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள போனீங்கன்னா வண்டியப் புடிச்சு வச்சிருவாங்க."

செந்தில்குமார் காதில் அது எங்கே ஏறியது? ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்ததுமே ஐம்பது வயது மனுஷனுக்கு வாலிபம் திரும்பிவிட்டது. "புது மாடல் எல்லாவனும் வச்சிருக்கான்டி. இது காரைக்காலுக்கே ஒண்ணுதான்."

"புள்ளைய எங்கங்க உக்கார வைப்பீங்க?"

"எம்பக்கத்துல. நீ பஸ்ஸுல வந்துடு."

அட மகராசா!

அதையே வாங்கியும் விட்டான். வளைகாப்பன்றைக்கு மட்டுமாவது வாடகைக் கார் பிடிக்கலாம் என்று அவள் கெஞ்சினாள். "சொந்தக் கார வச்சிக்கிட்டு வாடகைக் கார்ல போனா சம்பந்தி சிரிக்க மாட்டாரா?" என்று குதித்தவன், சீர்காழிக்குப் போன் போட்டு, நம்ம கார்லயே வந்து அழைச்சிக்கிறோம் என்று பெருமையும் அடித்துவிட்டான்.

வளைகாப்பன்று சோற்றுத் தூக்குகளை வைக்கக்கூட அந்தக் காரில் இடமில்லை. அத்தனையையும் சுமந்துகொண்டு அவள் சீர்காழி பஸ்ஸில் ஏறினாள். பூவத்தில் போலீஸ் வண்டிகளை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒதுங்கி நின்ற செந்தில்குமாரின் கார், அவள் பார்க்கப் பார்க்கவே திரும்பி, உறுமிக்கொண்டு காரைக்கால் பக்கம் ஓடியது.

வளையல் அடுக்கும்வரை ஏதேதோ சொல்லிச் சமாளித்தாள். கிளம்பும்போது இனியாவின் மாமியார் பிடித்துக்கொண்டாள். "கார்ல வர்றோம்னு தமுக்கடிச்சிட்டு, ஏழு மாசத்துப் புள்ளைய பஸ்ஸுல ஏத்தச் சொல்றீங்களா?"

"இப்பவே வாடகைக் கார் சொல்றேங்க."

"வேணாம்மா" என்றாள் இனியா. வளையல் கையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அப்பாவுக்கு நான் வேணும்னா நடந்தாவது வந்திருப்பாரு. நான் இங்கயே பெத்துக்கிறேன்."

காலித் தூக்குகளோடு தையல்நாயகி வீடு வந்தாள். வாசலில் செந்தில்குமார் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"புள்ள எங்கடி?"

"பூவத்துக்கு அந்தாண்ட. போயி அழைச்சிட்டு வாங்க, பாப்போம்."