பனிப்புகாருக்குள் எதிரணி

1987ஆம் ஆண்டு, கோடை தொடங்கிய நேரம். அம்மா, தம்பி, நான் மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்றில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கூடப்படித்த ஒருத்தி இழுத்துக்கொண்டு போனதால் ஒரு ட்ரம், பியூகிள் அணியில் சேர்ந்திருந்தேன். ட்ரம், பியூகிள் என்ற பித்தளை ஊதுகுழல், கொடி இவ்வளவும்தான். ஆனால் நூறு பேர் மைதானத்தில் வட்டமாகவும் அம்பாகவும் மாறி மாறி நடந்துகொண்டே வாசிப்பதைப் பார்த்தால் வாய் பிளந்து நிற்பீர்கள்.

எனக்கு அங்கே பிடித்தது ஒன்று உண்டு. பேசத் தேவையில்லை. என்னுடைய ஆங்கிலம் அப்போது கடையில் பால் கேட்கும் அளவுக்குத்தான் இருந்தது. அணியில் எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். எனக்குக் கொடுத்த வாத்தியம் சிம்பல், அதாவது தோல் வாரில் கையைக் கொழுவிப் பிடிக்கும் இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். சில இடங்களில் நான் அவற்றை மோத மாட்டேன். சின்ன ட்ரம் அடிப்பவருக்கு முன்னால் போய் நின்று, தட்டுகளை அவருக்கு நேராக நீட்டிப் பிடிப்பேன். அவர் தன் குச்சியால் அதில் அடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம் போல ஒரு சுகம் அதில் இருந்தது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உது படிப்பே, வேலையே? ஆம்பிளைப் பெடியளோட தெருத்தெருவா மேளம் அடிச்சுத் திரியிறதுக்கோ உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருமுறை கேட்பார். கேட்டுவிட்டு என் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கித் தருவார்.

நாங்கள் நீல அணி. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் சிவப்பு அணி ஒன்று இருந்தது. இரண்டுக்கும் கீரியும் பாம்பும் மாதிரி. அவர்கள் வாசிக்கும்போது நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். நாங்கள் பயிற்சி எடுக்கும்போது பக்கத்தில் வந்து வேண்டுமென்றே வேறு தாளத்தில் அடிப்பார்கள். ஒருமுறை எங்கள் கொடியைத் திருடி, மூன்று வாரம் கழித்துத் தோய்த்து மடித்து அனுப்பினார்கள். அந்த அவமானத்தை எங்கள் பெடியள் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தச் சிவப்பு அணியிலும் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவளுக்கும் சிம்பல்தான். அவளுடைய அம்மா பார்வையாளர் வரிசையிலிருந்து "மறுகா தண்ணி குடிக்க மறந்திராத" என்று கூப்பிட்டபோது, 'பிறகு' என்பதற்குச் சொன்ன அந்த 'மறுகா'வில்தான் தெரிந்தது, மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் என்று. எனக்கு அவளோடு பேச நாக்குத் துடிக்கும். ஆனால் எதிரணியோடு பேசுவதில்லை என்பது எழுதாத சட்டம். ஒரு வருடம் முழுவதும் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒரு போட்டி முடிந்த மாலையில் டோனற் கடை பார்க்கிங்கில் சண்டை வந்தது. யார் தொடங்கியது என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் பஸ்ஸில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். தள்ளுமுள்ளில் அந்தப் பெண் உடைந்த போத்தலின் மேல் விழுந்தாள். கை கிழிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது கதை வேறாக இருந்தது. நான் சிம்பலின் விளிம்பால் அவள் கையை வெட்டினேனாம். சிவப்பு அணி கொதித்துக்கொண்டிருந்ததாம். அதைவிடக் கொடுமை, எங்கள் பெடியள் அதை நம்பிப் பெருமைப்பட்டார்கள். ஒருவன் எனக்குக் கோலா வாங்கித் தந்தான். இல்லை, நான் இல்லை என்றேன். அடக்கமானவள் என்று சிரித்தார்கள். இரண்டு வருடமாக அந்த நாட்டில் யாரும் என்னை இவ்வளவு கொண்டாடியதில்லை, அதுவும் செய்யாத ஒரு வேலைக்கு!

எங்கள் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. முன்னாள் இராணுவக்காரர், கண்டிப்பானவர். அடுத்த ஞாயிறு ஊர்வலம் முடிந்ததும் என்னைப் பற்றி முடிவெடுப்பேன் என்றார். என்னை நிறுத்தப் போகிறார் என்பது புரிந்தது. அந்த வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அணி போய்விட்டால் எனக்கு மறுபடியும் அப்பார்ட்மென்றும் பள்ளிக்கூடத்தின் மூலை மேசையும்தான். ஆனால் அதைவிட, அந்தப் பெண் அதை நம்புகிறாளோ என்ற நினைப்புத்தான் நெஞ்சை அரித்தது.

ஊர்வலம் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றிலிருந்து புறப்படுவதாக இருந்தது. காலையில் போய் இறங்கினால் பூங்காவையே காணவில்லை. ஏரியிலிருந்து எழுந்த பனிப்புகார் எல்லாவற்றையும் மூடியிருந்தது. மரங்கள் இடுப்புக்கு மேலே இல்லை. மனிதர்கள் பேசுவது கேட்கும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். பதற்றத்தில் சிம்பலை பஸ்ஸிலேயே விட்டிருந்தேன். திரும்பிப் போய் எடுத்துக் கையில் கொழுவிக்கொண்டு வந்தபோது புகார் இன்னும் இறுகிவிட்டது.

எங்கோ முன்னால் ட்ரம் சத்தம் கேட்டது. வலது கையால் எட்டு, இடது கையால் எட்டு. கைச்சூடு ஏற்ற அடிக்கும் பயிற்சி. எங்கள் பெடியள்தான் என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஈரப்புல்லில் என் காலடிகூட எனக்குக் கேட்கவில்லை. சத்தம் கிட்ட வந்தது. சாம்பல் நிறத்தில் நிழல்களாக ஒரு வளையம் நின்றது. சின்ன ட்ரம் அடிக்கும் ஒருவருக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. போய் நின்று தட்டுகளை நீட்டினேன். குனிந்த தலை நிமிராமலே அவருடைய குச்சி என் தட்டுக்கு வந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அடி விழ விழ, தட்டின் அதிர்வு முழங்கை வழியாக ஏறித் தோளில் அடங்கியது. வழக்கும் இல்லை, தலைவரும் இல்லை, வெள்ளையாய் ஒரு உலகம், அதற்குள் ஒரு தாளம். சந்தோஷமாக இருந்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக.

பிறகு காற்று ஒன்று வந்து புகாரைக் கொஞ்சம் விலக்கியது. குச்சி பிடித்திருந்த கையின் சட்டை சிவப்பு.

அவரும் அப்போதுதான் என் நீலத்தைப் பார்த்தார். ஒவ்வொருவருடைய தாளமாக அறுந்து நின்றது. எல்லா அணிகளும் அந்தப் பயிற்சியை ஒரே மாதிரித்தான் அடிக்கும் என்பது எனக்கு உறைக்க அவ்வளவு நேரம் எடுத்தது. பெரிய ட்ரம் வைத்திருந்த ஒருவன் இவள்தான் அவள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். வளையம் சிறுத்தது. தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். வலது கை முழுவதும் கட்டு. நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. ஒரு வாரமாக எந்த மொழியிலும் சொல்ல முடியாமல் இருந்ததை அவளைப் பார்த்ததும் கொட்டினேன். "உம்மட கையில நான் அடிக்கேல்லை. சத்தியமா நான் இல்லை."

"தெரியும். சிம்பலால அடிச்சிருந்தா எனக்குச் சத்தம் கேட்டிருக்கும்தானே. நான் விழக்குள்ள ஒரு சத்தமும் கேக்கல்ல" என்றாள்.

ஆஸ்பத்திரி, வீடு என்று இருந்ததால், இந்தக் கதையே அன்று காலைதான் அவள் காதுக்கு வந்ததாம். தன் ஆட்களிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. அவள் என்னிடம், தன்னை அடிக்க வருவது மாதிரிக் கையை ஓங்கச் சொன்னாள். தயங்கினேன். "ஓங்குங்க" என்றாள். ஓங்கினேன். இரண்டு கையிலும் தட்டு, அதுவும் நெஞ்சோடு அணைத்தபடி, ஒன்றோடொன்று முட்டாமல் எப்படி ஓங்குவது? ஜாங் என்று ஒரு சத்தம் எழுந்து புகாருக்குள் உருண்டு போனது. அன்றைக்கு இது யாருக்காவது கேட்டதா என்று அவள் வளையத்தைப் பார்த்துக் கேட்டாள். பெரிய ட்ரம்காரன் இல்லை என்று தலையாட்டினான். யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் இன்னொரு ட்ரம் இரண்டு அடி அடித்தது. என் சிம்பலைக் கேட்டு எங்கள் அணி என்னைத் தேடியது. மறுபடியும் மோதினேன். மறுபடியும் இரண்டு அடி வந்தது. அவள் தன் நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வழியில் எங்களுக்கு ஒரு பேச்சும் வரவில்லை. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ.

நீலச்சட்டைகள் தெரிந்ததும், அவள் தலைவரிடம் நேரே போய் அதையே சொன்னாள். எதிரணிப் பெண், கட்டுப் போட்ட கையோடு, எங்கள் முழு அணிக்கும் முன்னால். எனக்குக் கோலா வாங்கித் தந்தவனின் முகம் சுருங்கிப்போனது. தலைவர் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு என்னைப் பார்த்து வரிசையில் போய் நில் என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. திரும்பிப் பார்த்தபோது அவள் புகாருக்குள் பாதி கரைந்திருந்தாள்.

சண்டைகள் அதோடு நிற்கவில்லை. அடுத்த போட்டியிலேயே யாரோ யாருடைய தொப்பியையோ மிதித்தார்கள். அவள் குடும்பம் அந்த இலையுதிர் காலத்திலேயே வேறு மாகாணத்துக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நான் இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிறேன். கோயில், கலியாணவீடு, வேலை என்று எங்கே போனாலும் யாரைப் பற்றியாவது ஒரு கதை வரும். என் வாயும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துடிக்கும். என்மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்த ஒருத்தி, கோபப்படுவதற்கு முன் தன் காதை ஒருமுறை கேட்டுப் பார்த்தாள் என்பது அப்போது நினைவுக்கு வரும்; பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறேன்.